இரேனம்மாள் எண்ணெய் வைத்த பிறகு

1

இது கட்டுரையாகத்தான் பிறந்திருக்க வேண்டும். பங்குச் சாமியார் போன் செய்து, கோயில் திருவிழா மலருக்கு இரண்டு பக்கம் வேண்டும் என்றார். தலைப்பையும் அவரே கொடுத்துவிட்டார்: 'புனித செபஸ்தியாரின் வாழ்வு இன்றைக்கு நமக்குத் தரும் பாடங்கள்.'

"ரொம்ப யோசிக்காதீங்க சார். பாடம் ஒரு அஞ்சு இருந்தா போதும். கடைசியில ஜெபம் நாங்க போட்டுக்கிறோம்" என்றார்.

நானும் நல்ல பிள்ளையாக உட்கார்ந்தேன். 'கி.பி. மூன்றாம் நூற்றாண்டில் ரோமாபுரியில்' (அடித்துவிட்டேன். இப்படித் தொடங்கும் எதையும் நானே படிப்பதில்லை.) 'பாடம் ஒன்று: விசுவாசத்தில் உறுதி. செபஸ்தியார் ரோமைச் சக்கரவர்த்தியான ராயனின் மெய்க்காவல் படையில் தளபதி. மறைவில் கிறிஸ்தவர். விஷயம் வெளியே வந்ததும் அவரை மரத்தில் கட்டி அம்பெய்து கொல்லும்படி ராயன்...'

இதுவரை உங்களுக்கே தெரியும். காலண்டரில் படம் இருக்கிறது. மரத்தில் கட்டிய அழகான வாலிபர், உடம்பெல்லாம் அம்பு, முகத்தில் மட்டும் வலியே இல்லை. வாந்திபேதி, பிளேக், அம்மை என்று எது வந்தாலும் நம் ஊர்களில் இவரிடம்தான் ஓடியிருக்கிறார்கள். அம்புக்குச் சாகாதவர், நோய்க்கும் நம்மைச் சாகவிட மாட்டார் என்று ஒரு கணக்கு.

அவர் சாகாததற்குக் காரணம் இரேன் என்ற விதவை. பிணத்தை எடுத்து அடக்கம் செய்யப் போனவள், மூச்சு இருப்பதைப் பார்த்து வீட்டுக்குத் தூக்கிவந்து காயம் ஆற்றினாள். ஆறியதும் எல்லோரும் அவரை ஓடிப் போகச் சொன்னார்கள். அவர் ஓடவில்லை. ராயன் நடந்துவரும் படிக்கட்டில் போய் நின்று, நீ செய்வது அநியாயம் என்று முகத்துக்கு நேராகச் சொன்னார். இந்த முறை தடியால் அடித்தார்கள். செத்துவிட்டாரா என்று நன்றாகப் பார்த்துக்கொண்டு உடம்பைச் சாக்கடையில் போட்டார்கள்.

ஐந்து பாடமும் இந்த இடத்தில்தான் நின்றுபோயின. ஏனென்றால் எனக்கு ஒரு தெருவைத் தெரியும். அந்தத் தெருக்காரர்களுக்கு இந்தக் கடைசிப் பகுதி தெரியவே தெரியாது.

2

வத்தல்மலை அடிவாரத்தில், அப்போது சேலம் ஜில்லாவைச் சேர்ந்த ஒரு கிராமம். பெயர் வேண்டாம். ஊர் தனி, தெரு தனி. தெருவில் இருந்தவர்கள் இரண்டு தலைமுறைக்கு முன் ஞானஸ்நானம் வாங்கிய கூலிக்காரர்கள். ஓலைக் கூரையில் ஒரு சிறிய கோயில், அதில் கையகலச் செபஸ்தியார் சிலை. தை மாதம் திருவிழா. திருவிழாவுக்குச் செபஸ்தியார் கூத்து.

கூத்து இராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு தொடங்கும். ராயன் தர்பார், தளபதியின் பாட்டு, கட்டியங்காரன் கேலி எல்லாம் முடிந்து அம்பு பாய்வதற்குள் சேவல் கூவிவிடும். இரேனம்மாள் மேடைக்கு வந்து அழுதுகொண்டே எண்ணெய் வைக்கும்போது கிழக்கு வெளுத்துவிடும். உடனே பூசை மணி அடிக்கும். மணி அடித்தால் ராயன் கிரீடத்தைக் கழற்றிவிட்டுக் கோயிலுக்கு ஓட வேண்டும். எந்த வருஷமும் அதற்கு மேல் ஆட நேரம் இருந்ததில்லை. ஆடாததைக் கூத்து வாத்தியார் சொல்லிக்கொடுக்கவில்லை. சொல்லிக்கொடுக்காததை அடுத்த தலைமுறை அறியவில்லை. அந்தத் தெருவைப் பொறுத்தவரை செபஸ்தியார் பிழைத்துக்கொண்டார், அதோடு கதை முடிந்தது.*

(* ஒரு வழக்கமும் இருந்தது. பூசைக்கு ஓடுமுன் தெருப் பெண்கள் வரிசையாக வந்து, செபஸ்தியார் வேஷக்காரன் உடம்பில் குங்குமக் குழம்பால் வரைந்த காயங்களில் நல்லெண்ணெய் தொட்டு வைப்பார்கள். அந்த எண்ணெயை வழித்து எடுத்துப்போய்ப் பிள்ளைகள் நெற்றியில் பூசுவார்கள். நோய் அண்டாதாம்.)

இந்தப் பிழையை நினைக்கும்போதெல்லாம் எனக்கு ஒரு கேள்வி வரும். அந்தத் தெருவில் ஒருத்தி நிஜமாகவே இரேனம்மாளாக ஆகவேண்டி வந்திருந்தால், அவளுக்கு அடுத்த கட்டம் தெரிந்திருக்காதே?

அவளைத்தான் உண்டாக்கினேன். பெயர் செல்லம்மாள். அவள் தம்பி இன்னாசி, செபஸ்தியார் வேஷம் கட்டுகிறவன். (முதலில் அவனுக்கே செபஸ்தி என்று பெயர் வைத்திருந்தேன். வாசகரின் காதைப் பிடித்து இழுப்பதுபோல் இருந்தது, மாற்றிவிட்டேன்.) அவள் புருஷன் சவரியான், இரேனம்மாள் வேஷம் கட்டுகிறவன். ஒவ்வொரு வருஷமும் அவளுடைய கலியாணக் கூறைப்புடவையைக் கட்டிக்கொண்டு, தன் மச்சான் உடம்பில் எண்ணெய் வைத்து ஒப்பாரி பாடுவான். தெருவே சிரித்துக்கொண்டே அழும். செல்லம்மாளுக்குப் புடவையைப் பற்றித்தான் கவலை, கறை படாமல் திரும்பி வர வேண்டும்.

வருஷம் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்து மூன்று. யுத்தத்தில் அரிசி காணாமல் போயிருந்தது. கோடையில் தண்ணீரும் போயிற்று.

3

தெருவுக்கென்று இருந்தது ஒரு குட்டை, மாடும் அதில்தான் இறங்கும். ஊர்க் கிணறு, ஊர்த் தலைவரான மணியக்காரரின் களத்துக்குப் பக்கத்தில் இருந்தது. அதில் தெருக்காரர்கள் நிழல் விழக்கூடாது. வாந்திபேதி குட்டையிலிருந்து எழுந்து வந்தது. சவரியான் காலையில் வயிற்றைப் பிடித்தான், சாயங்காலம் கண் உள்ளே போய்விட்டது. மறுநாள் அவனைத் தூக்க நாலு பேர் கிடைக்கவில்லை. செல்லம்மாளும் இன்னாசியும்தான் தலைப்பக்கமும் கால்பக்கமும் பிடித்துப் போனார்கள்.

மணியக்காரர் பாவம் கழிய முழுக்குப் போடத் தீர்த்தமலைக்கு வண்டி கட்டிக்கொண்டு போயிருந்தார். அங்கே பாறையிலிருந்து விழும் தண்ணீருக்கு யார் தலை என்று தெரியாது. அவர் இல்லாத அன்றைக்கு, விடியற்காலையில், இன்னாசி ஊர்க் கிணற்றில் இறங்கித் தண்ணீர் சேந்தினான். தெருவில் படுத்துக் கிடந்த பிள்ளைகளுக்கெல்லாம் ஒவ்வொரு குவளை. அடுத்த வீட்டுச் சின்னக்காவின் பையன் இரண்டு குவளை குடித்தான்.

மணியக்காரர் திரும்பி வந்தார். இன்னாசியைக் களத்துப் புளியமரத்தில் கட்டி...

(இந்த இடத்தை நான்கு விதமாக எழுதிப் பார்த்தேன். ஒன்றில் இரத்தம் அதிகம். ஒன்றில் இன்னாசி வசனம் பேசினான், அவனுக்கே பொருந்தவில்லை. இன்னொன்றில் மணியக்காரர் மீசையை முறுக்கினார், அவர் அப்படிப்பட்டவர் இல்லை. நிழலில் கட்டிலைப் போட்டு உட்கார்ந்து, வெற்றிலை போட்டுக்கொண்டு, "போதும்டா... இல்ல, இன்னும் ரெண்டு போடு" என்று சொல்கிற சாதாரண ஆள். அடித்தவர்களும் சாதாரண ஆட்கள். அடித்து முடித்ததும் தாகமெடுத்து அதே கிணற்றில் தண்ணீர் குடித்தார்கள்.)

உடம்பை ஓடையில் போட்டுவிட்டு, வாந்திபேதியில் செத்த பிணம், யாரும் தொடக்கூடாது என்று மணியக்காரர் சொல்லியனுப்பினார். தெரு கதவைச் சாத்திக்கொண்டது. செல்லம்மாள் ஒரு பாயும் மண்வெட்டியும், பிணத்தைப் போர்த்தத் தன் கூறைப்புடவையும் எடுத்துக்கொண்டு தனியாகப் போனாள். குழியைப் பாதி தோண்டிய பிறகுதான் தம்பியைத் திருப்பினாள். அவன் உதடு அசைந்தது.

"தண்ணி" என்றான்.

அவளுக்குச் சிரிப்பா அழுகையா என்று தெரியாத ஒன்று வந்தது. குழியைத் திரும்ப மூடினாள். திறந்து கிடந்தால் யாராவது பார்த்துச் சந்தேகப்படுவார்கள். மண்ணைக் குவித்து மேலே கல் வைத்து, தம்பிக்கு ஒரு சமாதி கட்டிவிட்டு, தம்பியை முதுகில் போட்டுக்கொண்டு மலையேறினாள்.

4

மலையில் குள்ளன் என்று ஒருவர் சாமை பயிர் செய்துகொண்டிருந்தார். செல்லம்மாள் வருஷா வருஷம் அவர் காட்டுக்கு அறுப்புக்குப் போகிறவள். அவர் எதுவும் கேட்கவில்லை. "காவக் குடிசை சும்மாதான் கெடக்குது, இருங்க. கீழ யாருக்கும் சொல்ல மாட்டேன். ஆனா எனக்கும் புள்ளைங்க இருக்குது, அதை மட்டும் மறந்துறாதீங்க" என்றார். இதைவிட நேர்மையான வாக்கியம் இந்தக் கதையில் யாரும் சொல்லப்போவதில்லை.

காயத்துக்குக் கட்ட அவளிடம் துணி இல்லை. இருந்தது ஒரே ஒரு நல்ல துணி. சவரியான் இரேனம்மாளாகக் கட்டிய அந்தக் கூறைப்புடவை. முதல் கிழிசலுக்கு முன்தான் புடவையை இரண்டு தடவை மடித்து வைத்தாள். பிறகு பழகிவிட்டது. வேப்பெண்ணெயும் மஞ்சளும் குழைத்துத் தடவி, புடவைக் கிழிசலால் கட்டுவாள். சீழ் பிடித்த துணியை எறிந்துவிட்டு அடுத்ததைக் கிழிப்பாள். இன்னாசி தேறத் தேறப் புடவை குறைந்துகொண்டே வந்தது.

ஒரு நாள் சின்னக்கா விறகு பொறுக்குகிற சாக்கில் மலையேறி வந்தாள். தெருவில் விஷயம் தெரிந்த ஒரே ஆள். இன்னாசி உட்கார்ந்திருப்பதைப் பார்த்ததும் சிலுவை போட்டுக்கொண்டாள்.

"நான் அன்னைக்கே சொன்னனா இல்லியா செல்லம்மா? செபஸ்தியாரு அம்பு பட்டும் பொழச்சாரு. நம்ம இன்னாசி எத்தினி வருசம் அவுரு வேசம் கட்டுனான்? கைவிடுவாரா?"

செல்லம்மாளும் அதைத்தான் நம்பியிருந்தாள். முழுசாக நம்பியிருந்தாள். மூச்சு ஒழுங்காக வந்த அன்றைக்கே அவள் மனசில் பூசை மணி அடித்துவிட்டது. மிச்சம் வழிச்செலவு மட்டும்தான். சவரியானின் தம்பி கோலார் தங்கச் சுரங்கத்தில் இருந்தான். இன்னாசி நடக்க ஆரம்பித்ததும் காட்டு வழியாகவே கிருஷ்ணகிரி, அங்கிருந்து கோலார். அங்கே போனால் பெயரை மாற்றிக்கொள்ளலாம், பெண் பார்க்கலாம். ஊரைப் பொறுத்தவரை செத்தவன் செத்தவனாகவே இருக்கட்டும்.

இன்னாசி சின்னக்காவைக் கேட்டான். "பையன் எப்பிடி கீறான்?"

சின்னக்கா செல்லம்மாளைப் பார்த்தாள். செல்லம்மாள் தலையை ஆட்டினாள், சொல்லாதே என்று. சின்னக்காவால் முடியவில்லை.

"போயிட்டான்பா. பெரியவளும் போயிட்டா. குட்டைத் தண்ணிதான். வேற எங்க போவ? நீ கொண்டாந்த அன்னைக்கித்தான் அவன் வாயி நல்ல தண்ணி பாத்துது."

5

[இங்கே இன்னாசி ஒரு தீர்மானத்துக்கு வருகிறான். இந்த இடத்தில்தான் அவன்மேல் எனக்குச் சந்தேகம். வேஷம் கட்டுகிறவனுக்கு வேஷம் தலைக்கேறிவிடும். நாலு பேர் பார்க்கச் சாக வேண்டும் என்று ஆசைப்படுகிற ஆளோ? ஒருத்தன் குடத்தோடு போய் நின்றால் கிணறு திறந்துவிடுமா? திறக்காது. எனக்கே தெரிகிறது. ஆகவே என் கேள்விகளையெல்லாம் செல்லம்மாள் வாயில் வைத்தேன். என்னைவிட அவள் நன்றாகக் கேட்டாள்.]

"நான் கோலாருக்குப் போவலக்கா" என்றான் இன்னாசி. பொழுது சாயவில்லை, வெளியே குள்ளன் மாடு மேய்த்துக்கொண்டிருந்தார்.

"வேற எங்க போவப் போற?"

"கெணத்துக்கு."

அவள் வேப்பெண்ணெய்க் கொட்டாங்குச்சியைக் கீழே வைத்தாள். "அடி வாங்கி மூளை கலங்கிப் போச்சாடா ஒனக்கு?"

"அன்னைக்கி அவுரு இல்லாதப்ப போனேன். திருட்டுத்தனமாப் போனேன். திருடன்னு அடிச்சாங்க, தெருவுல இருக்கறவங்களும் அப்பிடித்தான் நெனச்சிருப்பாங்க. இப்ப அவுரு கட்டல்ல உக்காந்திருக்கும்போது போறேன். பட்டப் பகல்ல. கையில கொடத்தோட."

"கொன்னுபோடுவாங்க."

"ஆமா."

"ஆமாவா? லேசாச் சொல்ற. நீ போய் நின்னா எல்லாரும் ஓடியாந்து கொடத்தத் தூக்குவாங்கன்னு நெனப்பா?"

"செத்தவன்னு சொல்லி வெச்சிருக்காரு. செத்தவன் வந்து நிக்கறதப் பாத்தா, எப்பிடிச் செத்தேன்னு எல்லாருக்கும் தெரிஞ்சுபூடும். ஒருத்தர் ரெண்டு பேரு எம் பின்னால வரலாம்."

"வரலைன்னா?"

"வரலைன்னா வரல."

அவள் அழுதாள். (முதல் வரைவில் 'அவள் அழவில்லை' என்று எழுதியிருந்தேன். அழாத பெண்கள் எழுத்தாளர்களுக்கு வசதியானவர்கள். அவள் அழுதாள், மூக்கைச் சிந்தினாள், தம்பியைத் திட்டினாள், செத்துப்போன புருஷனைத் திட்டினாள்.) பிறகு அவளுக்குத் தெரிந்த பெரிய ஆயுதத்தை எடுத்தாள்.

"செபஸ்தியாரு பொழச்சதுக்கு அப்பறம் மறுபடியும் போயி அம்புக்கு முன்னால நின்னாரா? நீதானடா அந்த வேசம் கட்டுனவன். சொல்லு!"

இன்னாசி எண்ணெய்க் கொட்டாங்குச்சியை எடுத்து ஓரமாக வைத்தான். அவனுக்குத் தெரியும். போன திருவிழாவுக்குக் குதிரையில் வந்த வெள்ளைக்காரச் சாமியார், கூத்தைப் பார்த்துவிட்டு அவனைக் கூப்பிட்டு, மீதிக் கதையை உடைந்த தமிழில் சொல்லியிருந்தார். அவன் யாரிடமும் சொல்லவில்லை. தெரு சந்தோஷமாகக் கோயிலுக்குப் போகிற விடியலைக் கெடுப்பானேன் என்று விட்டுவிட்டான்.

இப்போது சொன்னான். படிக்கட்டு, ராயன், தடி, சாக்கடை எல்லாவற்றையும் சொன்னான். பாட்டில்லாமல், சாதாரணமாக.

அவள் சாமியே தன்னை ஏமாற்றிவிட்டதுபோல் உட்கார்ந்திருந்தாள். பிறகு கேட்டாள்:

"அப்ப அந்தப் பொம்பள என்னா பண்ணுனா?"

"எந்தப் பொம்பள?"

"எண்ணெ வெச்சவ. ராவும் பகலும் பாத்துத் தேத்துனவ. அவுரு எந்திரிச்சு மறுபடியும் போறன்னு சொன்னப்ப, அவ என்னா பண்ணுனா?"

"தெரியாதுக்கா. சாமியாரு அதச் சொல்லல."

6

எனக்கும் தெரியாது. தேடிப் பார்த்தேன். என் கைக்கு எட்டிய வரலாறுகளில் இரேனம்மாளுக்கு அதன் பிறகு ஒரு வரி கிடையாது. சாக்கடையிலிருந்து உடம்பை எடுத்ததுகூட வேறு ஒரு பெண். இவள் காயத்தை ஆற்றுகிறாள், காயம் ஆறுகிறது, பிறகு ஆளையே காணோம். தடுத்தாளா, வழியனுப்பினாளா, கதவைச் சாத்தினாளா? எழுதியவர்களுக்கு அவள் அதற்கு மேல் தேவைப்படவில்லை போலும்.

ஆகவே முடிவுகளை நானே செய்து பார்க்க வேண்டியதாயிற்று.

முதல் முடிவு: இன்னாசி மனம் மாறிக் கோலாருக்குப் போகிறான். கலியாணம், பிள்ளைகள். குட்டையில் மாடு இறங்குகிறது. சின்னக்காவின் மூன்றாவது பிள்ளையும் போகிறது. (இது தெருவின் கூத்து முடிகிற இடம். எனக்கும் இங்கே நிறுத்திவிட ஆசைதான். மலருக்கும் பொருத்தமாக இருக்கும்.)

இன்னொரு முடிவு: செல்லம்மாள் தம்பியைத் தூங்கவைத்துவிட்டு, குடத்தை எடுத்துக்கொண்டு தானே கிணற்றுக்குப் போகிறாள். இதை எழுதி முடித்ததும் எனக்கே கைதட்டத் தோன்றியது. அதனாலேயே கிழித்தேன். அவள் சாகத் துணிந்தவள் இல்லை. அவள் வேலை சாகாமல் பார்த்துக்கொள்வது. அதை நான் மாற்றினால், தம்பியைப் போலவே அவளையும் ஒரு சிலையாக்கிக் கோயிலில் வைத்துவிடுவேன்.

அடுத்தது: அவன் போகிறான், அடிக்கிறார்கள், தெரு திரண்டு வருகிறது, கிணறு திறக்கிறது. (நடந்திருக்கலாம். ஆனால் இன்றைக்கும் குழாய்த் தண்ணீர் எந்தத் தெருவுக்குக் கடைசியாக வருகிறது என்று உங்களுக்கே தெரியும். எனக்கு இதை எழுதக் கை வரவில்லை.)

பிறகு: அவன் போகிறான், அடிக்கிறார்கள், ஒருத்தரும் வரவில்லை.

இப்படி எழுதிக்கொண்டிருக்கும்போது சாமியார் மறுபடி போன் செய்தார்.

"சார், அஞ்சு பாடமும் ஆச்சா? அச்சுக்குப் போவணும்."

"ஒண்ணுகூட ஆகலைங்க சாமி. ஒரு பொம்பள ஒரு கேள்வி கேட்டுட்டா, அதுலயே நிக்குது."

"யாரு?"

"செல்லம்மான்னு ஒருத்தி. நான் உண்டாக்குனவதான்."

"அப்ப நீங்களே பதில் சொல்லிட வேண்டியதுதானே" என்றார். சுலபமாகச் சொல்லிவிட்டார்.

நம் ஆட்கள் செபஸ்தியாரிடம் எதைக் கேட்கிறார்கள் என்று யோசித்துப் பாருங்கள். நோய் வேண்டாம், அம்பு பட்டாலும் பிழைக்க வேண்டும். இரண்டாம் முறை போகிற தைரியத்தைக் கொடு என்று யாரும் மெழுகுவர்த்தி ஏற்றி நான் பார்த்ததில்லை. அதைக் குற்றமாகச் சொல்லவில்லை, நானும் கேட்டதில்லை. ஒருத்தன் முதல் முறை அடிபடுவது தெரியாமல் நடந்துவிடலாம். இரண்டாம் முறை போகிறவனுக்கு வலி என்றால் என்ன என்று தெரியும். அவனைத் தேற்றி அனுப்புகிறவளுக்கு அதைவிட நன்றாகத் தெரியும். எந்த எலும்பு எப்படி ஒட்டியது என்று தொட்டுப் பார்த்தவள் அவள்தானே.

7

விடிந்துவிட்டது. மலையில் பனி. இன்னாசி எழுந்து, மூலையில் இருந்த குடத்தை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தான்.

"உக்காரு" என்றாள் செல்லம்மாள்.

"அக்கா, தடுக்காத."

"தடுக்கல. முதுகுல பெரிய காயம் இன்னும் மூடல. தொறந்த புண்ணோட வெயில்ல போவியா? கட்டிவுடறேன், உக்காரு."

அவன் குடத்தை வைத்துவிட்டு, முதுகைக் காட்டி உட்கார்ந்தான். அவள் பழைய கட்டை அவிழ்த்தாள். வெந்நீரில் துடைத்தாள். எண்ணெயும் மஞ்சளும் குழைத்தாள். அவசரமில்லாமல், பிள்ளைக்குத் தலை வாருகிறதுபோல், ஓரத்திலிருந்து உள்ளே தடவிக்கொண்டு வந்தாள். புடவையில் மிச்சம் இருந்தது முந்தானைச் சரிகை மட்டும்தான். அதை எடுத்து மார்பைச் சுற்றி ஒரு சுற்று, தோளுக்கு மேல் ஒரு சுற்று கொண்டுவந்தாள்.

இந்த உடம்பை அவள் இதற்காகவா தேற்றினாள்? எனக்கு அவள்மேல் இரக்கம் தாங்கவில்லை. மணியக்காரரின் ஆட்கள் இந்தக் கட்டின் மேல்தான் அடிப்பார்கள்.

கீழே தெருவில் சின்னக்கா எழுந்திருப்பாள். மூன்றாவது பிள்ளைக்கு நேற்று ராத்திரியிலிருந்து வயிறு போகிறது. குடத்தை எடுத்துக்கொண்டு குட்டைக்குப் போவாள், வேறு வழி இல்லை. களத்தில் கட்டில் போட்டாயிற்று. மணியக்காரர் வெற்றிலைப் பெட்டியைத் திறக்கிறார். தெருக் கோயிலில் மணி அடிக்க யாரும் இல்லை, அடிக்கிறவர் போன வாரம் போய்ச் சேர்ந்துவிட்டார். ஆகவே கூத்தை இங்கே நிறுத்த மணி அடிக்காது.

"ஆச்சாக்கா?"

"இரு. அவசரப்படாத."

அவள் சரிகையை இழுத்துப் பார்க்கிறாள். இறுக்கமாக இருக்கிறதா, மூச்சு விட முடிகிறதா என்று கேட்கிறாள். அவிழ்த்து மறுபடி சுற்றுகிறாள். முடிச்சுப் போட்டுவிட்டால் அவன் எழுந்துவிடுவான். போடாவிட்டால் சின்னக்கா குட்டையில் இறங்கிவிடுவாள். இரண்டும் அவளுக்குத் தெரியும்.

'செல்லம்மாள் அப்போது...'

இந்த வரியை இதற்கு மேல் நான் எழுதப்போவதில்லை. பழைய வரலாற்றை எழுதியவர்களைப்போல் அவளை விட்டுவிட்டு அவன் பின்னால் போகவும் மாட்டேன். இங்கேயே இருக்கிறேன், குடிசை வாசலில், இவள் பக்கத்தில்.

நீங்களும் வாருங்கள். இவளுக்குக் கை ஓய்ந்துவிட்டது. முந்தானையின் ஒரு முனையை இவள் பிடித்திருக்கிறாள். மறு முனையைக் கொஞ்சம் பிடித்துக்கொள்ளுங்கள். முடிச்சுப் போடுவதா வேண்டாமா என்று இவள் உங்கள் முகத்தைத்தான் பார்க்கிறாள்.